கடல்தாவு படலமும் கணினிப் பாய்ச்சலும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியன் ஒருவன் எழுதக்கூடியது இன்னதுதான் என்று அவர்கள் முன்னரே முடிவு செய்திருந்தனர் போலும். "சைவமும் தமிழும் என்ற பொருளில் நான்கு பக்கம் தந்தாற் போதும், சேர்" என்றார் இதழாசிரியர். என்னிடம் படித்தவர் அவர். என்னை நன்கறிந்தே கேட்டார். ஆயினும் அப்பொருளில் என்னினும் வல்ல பெரியோர் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். ஆகவே, விழாவையொட்டி நடந்த கண்காட்சியிலே கணினிக் கூடத்தின் வாயிலில் மூன்று நாளும் நீண்டு நின்ற வரிசையைக் கண்டவர்கள் அறியாத ஒரு சிறு கதையை எழுதத் துணிந்தேன். அது ஒரு குரங்கு குதித்த கதை. அதனுடன் நானும் குதித்த கதை.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்ளல் வேண்டும். வீடியோ விளையாட்டு என்றாலே எனக்கு வெறுப்பு. இரவெல்லாம் விழித்திருந்து விளையாடிவிட்டுக் காலையில் என் வகுப்பில் உறங்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன். வெள்ளவத்தையில் என் வீட்டுக்கருகில் மாலை வேளைகளில் கிரிக்கெற் ஆடிய சிறுவர் ஒழுங்கைகள் இன்று வெறிச்சோடிக் கிடப்பதற்கும் இதுவே காரணமெனப் பலமுறை மேடையிற் பேசியிருக்கின்றேன். ஒரு பொம்மையை ஓடவும் குதிக்கவும் செய்வதற்குப் பின்னே கல்வி என்று சொல்லத்தக்கது ஏதேனும் இருக்கும் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

அந்நிலையிலேதான் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியர் அறைக்கு வந்து என்முன் நின்றான். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பவன், அமைதியானவன். பிறப்பிலேயே இடக்கால் சற்று நலிந்தமையால் விளையாட்டுப் போட்டி நாள்களில் புள்ளிகளைக் குறிக்கும் மேசையருகே அமர்ந்திருப்பான். அவன் கேட்ட கேள்வி இது:

"சேர், கடல் தாவுறதுக்கு முதல் அனுமான் என்ன செய்தவர்?"

கம்பராமாயணத்துச் சுந்தர காண்டத்தின் முதற் படலம் கடல்தாவு படலம். அதனைப் பற்றி ஒரு மாணவன் தானாக வந்து கேட்பது அரிது. மகிழ்ந்துபோய், "எதற்காகக் கேட்கின்றாய் தம்பி?" என்றேன். "கண்காட்சிக்கு ஒரு கேம் செய்யிறன், சேர். அனுமான் பாயிறார், ஆனால் பாயிற மாதிரி இல்லை" என்றான். என் மகிழ்ச்சி பாதியாகக் குறைந்தது. ஆயினும் அவன் பின்னே கணினிக் கூடத்துக்குச் சென்றேன்.

திரையில் மலையொன்றும் கடலும் தெரிந்தன. மலைமீது ஒரு சிறு அனுமான். உயர்தர வகுப்பிற் கற்பிக்கப்படும் பைதன் மொழியில் அவனே எழுதிய நிரல் அது. முதன்முதல் எழுதியபோது நேர்ந்ததை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். நாம் கணக்குக் கொப்பியில் வரையும் வரைபில் மேலே போகப்போக எண் கூடும். கணினித் திரையிலோ எண்ணிக்கை மேல் இடது மூலையிலிருந்து தொடங்குவதால் கீழே போகப்போகவே எண் கூடும். இதனை மறந்து உயரத்தைக் கூட்டியதால், அவனுடைய அனுமான் பாய்வதற்குப் பதிலாக மகேந்திர மலைக்குள்ளே புதைந்துபோனானாம்.

அதைத் திருத்தியபின் அனுமான் மேலெழுந்தான். ஆனால் ஒரே வேகத்தில் ஏறி, ஒரே வேகத்தில் இறங்கினான். மாடிக் கட்டடத்து மின்தூக்கியில் ஏறியிறங்குபவனைப் போலிருந்தது. உலகில் எப்பொருளும் அப்படி எழுந்து விழுவதில்லை. மேலெறிந்த கல் கணந்தோறும் வேகங் குறைந்து, உச்சியில் ஒரு நொடிப்பொழுது நின்றாற்போலத் தயங்கி, பின் கணந்தோறும் வேகம் மிகுந்து வீழ்கின்றது. முன்னோக்கிய ஓட்டமும் அதனுடன் சேர்ந்தால், அது வானில் வரையும் பாதை பரவளைவு எனப்படும் வளைகோடாகும். இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638இல் வெளியிட்ட தம் நூலில் இதனை நிறுவினார்.

அந்தப் பரவளைவைக் கணினியில் வரைவதற்குப் பெருங் கணிதம் வேண்டியதில்லை என்பதே என்னை வியப்பித்தது. திரை ஒரு செக்கனுக்கு 60 முறை புதிதாக வரையப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் இரண்டே வேலைகள்: முதலாவது, புவியீர்ப்புக்கேற்ற ஒரு சிறு தொகையை வேகத்திலிருந்து கழித்தல், இரண்டாவது, எஞ்சிய வேகத்துக்கேற்ப உருவை நகர்த்துதல். இவ்விரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பச் செய்தாற் போதும், வளைகோடு தானே பிறக்கின்றது. பண்டிதர் பலர் சூத்திரத்தின் சுருக்கத்தை வியந்து பேசக் கேட்டிருக்கின்றேன். இவ்விரு வரிகளையும் கண்டபோது அதே வியப்பு எனக்குமுண்டாயிற்று.

ஆனால் எவ்வளவு வேகத்தில் எழும்ப வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகாயத்தில் இருக்க வேண்டும்? அதை அவன் அளந்தறிய விரும்பினான். அடுத்தநாள் பாடசாலை விட்டபின் கையிற் கைத்தொலைபேசியுடன் வந்து, "சேர், ஒருக்காக் குதிச்சுக் காட்டுவீங்களா?" என்றான். "ஏன், உன் வகுப்புப் பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்டேன். "அவங்கள் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறாங்கள். நீங்கள் சிரிக்கமாட்டீங்கள், சேர்" என்றான். இது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று இன்றுவரை எனக்குத் தெளியவில்லை. நாற்பதைக் கடந்து உடல் பருத்த நான், மைதானத்தின் ஓரத்திலே, காவலாளி ஒருவரே சாட்சியாக நிற்க, சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு ஐந்து முறை குதித்தேன்.

இத்தகைய முயற்சிக்கு முன்னோடிகள் உண்டென்பதைப் பின்னர் அறிந்தேன். ஓடுங் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே வேளையில் நிலத்தைவிட்டு எழுகின்றனவா என்ற ஐயத்தை, 1878இல் மைபிரிட்ஜ் என்பவர் கலிபோர்னியாவில் கமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்துத் தீர்த்தார். எழுகின்றன என்று கண்டபோது ஓவியர் பலர் திகைத்தனர். அதுவரை அவர்கள் வரைந்த குதிரைகளின் கால்கள் தவறாயிருந்தன. அமெரிக்க இளைஞராகிய ஜோர்டன் மெக்னர், 1985இல் தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து வீடியோவிற் பிடித்து, அப்படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தம் விளையாட்டுக்குரிய உருவை வரைந்தார். 1989இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஒப் பேர்சியா' என்னும் அவ்விளையாட்டில் இளவரசன் தாவும்போது மனித உடலின் கனம் தெரிந்தது. அதனாலேயே அது உலகப் புகழ் பெற்றது. அவருக்குத் தம்பி வாய்த்தார். நம் மாணவனுக்குத் தமிழாசிரியன் வாய்த்தான்.

கைத்தொலைபேசி ஒரு செக்கனுக்கு 240 படங்கள் வீதம் எடுத்தது. என் பாதங்கள் நிலத்தைவிட்டு நீங்கியது முதல் மீண்டும் படும்வரை 96 படங்கள், அஃதாவது 0.4 செக்கன். அதிலிருந்து உயரத்தைக் கணிக்கலாம் என்று சொல்லி, கொப்பியில் எழுதிக் காட்டினான்: ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். கரப்பந்தாட்டக் குழு மாணவன் ஒருவன் 0.6 செக்கன் ஆகாயத்தில் நின்றான். அவன் எழும்பியது 44 சென்ரிமீற்றர். நேரம் ஒன்றரை மடங்கானால் உயரம் இரண்டேகால் மடங்காகின்றது. இக்கணக்கில் நான் தோற்றது எனக்கு வருத்தமளிக்கவில்லை. கணக்கு விளங்கியதே எனக்கு மகிழ்ச்சி.

இனிமேல்தான் வியப்புக்குரிய பகுதி. அளந்த அளவுகளை அவன் அப்படியே நிரலில் இட்டான். 1.6 மீற்றர் உயரமுள்ள மனிதனைத் திரையில் 64 புள்ளி உயரமாகக் கொண்டால், 44 சென்ரிமீற்றர்ப் பாய்ச்சல் 18 புள்ளியளவே. அனுமான் ஒரு வாய்க்காலைக்கூடத் தாண்டமாட்டான் போலத் துள்ளினான். மெய்யான அளவு திரையிற் பொய்யாகத் தோன்றிற்று! சரி, அவன் தன் உயரத்தின் இருமடங்கு, அஃதாவது 3.2 மீற்றர், எழட்டும் என்று வேகத்தை மட்டும் கூட்டினான். இப்போது ஏறுவதற்கு 0.8 செக்கன், இறங்க 0.8 செக்கன். அனுமான் பஞ்சுபோல மிதந்தான். சந்திரனில் நடந்த விண்வெளி வீரர்களின் படங்களில் நாம் கண்டது போன்ற மிதப்பு. அங்கே ஈர்ப்புப் பூமியின் ஆறிலொரு பங்கே அன்றோ!

பின்னர் அவன் கணக்கைத் தலைகீழாக்கினான். ஈர்ப்பு இவ்வளவு என்று தொடங்காமல், "இவ்வளவு உயரம், இவ்வளவு நேரம்" என்று தொடங்கி, அதற்கு வேண்டிய ஈர்ப்பைக் கண்டுபிடித்தான். 3.2 மீற்றரை 0.4 செக்கனில் எட்டவேண்டுமானால், ஈர்ப்புப் பூமியினுடையதைப் போல நான்கு மடங்கிருத்தல் வேண்டும். இறங்கும்போது அதனையும் ஒன்றரை மடங்காக்கினான். அப்போதுதான் அனுமான் கனமுள்ளவனாய், விசையுள்ளவனாய்ப் பாய்ந்தான். பார்த்த என் உள்ளங்காலிலே விறைப்புண்டாயிற்று. பூமியில் எங்குமில்லாத ஈர்ப்பு; ஆயினும் கண் அதை நம்பிற்று.

இவ்வித்தை புதிதன்று என்றும் அவன் சொன்னான். 1981இல் ஜப்பானிய நின்டென்டோ நிறுவனத்தார் வெளியிட்ட 'டொங்கி கொங்' என்ற விளையாட்டில், ஒரு தச்சன் உருளும் பீப்பாக்களைத் தாண்டிக் குதிப்பான். மியாமொட்டோ என்பவர் படைத்த அவனுக்கு முதலில் இட்ட பெயரே 'குதிப்பவன்' என்னும் பொருளுடையது. அவனே பின்பு மாரியோ ஆனான். 1985இல் வந்த 'சுப்பர் மாரியோ பிறதர்ஸ்' விளையாட்டில், பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் உயரமாகவும் சட்டென விட்டால் தாழ்வாகவும் பாய்வான். ஏறும்போது ஓர் ஈர்ப்பு, இறங்கும்போது அதனின் மிக்க ஈர்ப்பு. உலகமெங்கும் குழந்தைகள் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து நம்பிய பாய்ச்சல் அது.

இதைக் கேட்டபோது எனக்கு நம் புலவர்கள் நினைவுக்கு வந்தனர். உள்ளதை உள்ளவாறே சொல்லுதல் மட்டும் கவிதையாகாது. உள்ளம் நம்புமாறு சொல்லுதலே கவிதை. உயர்வு நவிற்சி என்று நாம் அணியிலக்கணத்திற் படிப்பது இதனைத்தானே! ஆனால் உயர்வு நவிற்சிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஈர்ப்பை நான்கு மடங்காக்கலாம். ஆக்கியபின் பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் மாற்றலாகாது.

இத்தனைக்குப் பின்னும் பாய்ச்சல் முழுமை பெறவில்லை. வளைகோடு சரி, வேகம் சரி, ஆனால் அட்டையில் வெட்டிய படமொன்றை எவரோ தூக்கி எறிந்தாற் போலிருந்தது. அப்போதுதான் அவனுடைய முதற் கேள்விக்கு விடை சொல்லும் தகுதி எனக்கு வந்தது. கம்பரின் படலத்தை எடுத்துவைத்து அவனுக்குப் பொருள் சொன்னேன். அனுமான் எழுவதற்கு முன் என்ன செய்கின்றான்? காலை ஊன்றி மலையை அமுக்குகின்றான். மலை நொறுங்கி, குகைகளிலிருந்த பாம்புகள் வெளிப்படுகின்றன. வாலை வீசி உயர்த்துகின்றான். கால்களை மடக்கி, நெஞ்சை ஒடுக்கி, கழுத்தை உள்ளிழுக்கின்றான். அதன்பின்னரே கைகளை நீட்டிக் கண்ணுக்கெட்டாத விரைவில் எழுகின்றான். எழுந்த விசையில் மலையின் மரங்களும் கற்களும் அவன் பின்னே கிளம்பிச் சென்று கடலில் வீழ்கின்றன.

மாணவன் வாய்மூடாது கேட்டிருந்தான். பின்பு தன் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். வோல்ற் டிஸ்னியின் கூடத்திற் பணியாற்றிய பிராங்க் தோமஸ், ஒல்லி ஜோன்ஸ்ரன் என்னும் சித்திரக்காரர் இருவர் 1981இல் எழுதிய நூலொன்றில், உயிரற்ற சித்திரத்துக்கு உயிரூட்டப் பன்னிரண்டு விதிகள் கூறியுள்ளனராம். அசைவுக்கு முன் எதிர்த்திசையில் ஒடுங்குதல் ஒன்று. உடல் சுருங்கி நீளுதல் ஒன்று. உடல் சென்றபின் உடையும் வாலும் முடியும் பின்தொடர்தல் ஒன்று. "மூண்டும் இதிலை இருக்கு, சேர்!" என்றான். என் முப்பதாண்டுப் பழக்கமுள்ள படலம் அன்று எனக்கே புதிதாயிற்று. அச்செய்யுள்களில் அணி என்ன, சொல்லழகு என்ன என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கின்றேன். குதிக்கும் உடலைக் கம்பர் எவ்வளவு உற்று நோக்கியிருக்கின்றார் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை.

ஆயினும் கம்பருக்கு இல்லாத ஓர் இடர் விளையாட்டுச் செய்பவனுக்கு உண்டு. காவியம் படிப்பவன் காத்திருப்பான். பொத்தானை அழுத்துபவன் காத்திரான். ஒடுங்கும் நேரம் நீண்டால், "அழுத்தினேன், எழவில்லையே" என்று கை சலித்துக்கொள்ளும். ஆகவே அவன் ஒடுங்குதலை மூன்றே படங்களில், அஃதாவது ஒரு செக்கனின் இருபதிலொரு பங்கில் அடக்கினான். மற்றொரு நுட்பமும் உண்டு. பாறையின் ஓரத்தைக் கடந்த பின்பு பொத்தானை அழுத்தினால், நியாயப்படி அனுமான் கடலில் விழவேண்டும். ஆனால் ஓரத்தைக் கடந்து ஐந்து படங்கள் வரை அவன் இன்னும் நிலத்தில் நிற்பதாகவே நிரல் கொள்ளும். விளையாடுபவன் அதை அறியான். தான் தக்க தருணத்திற் பாய்ந்ததாகவே எண்ணுவான். செக்கனின் பன்னிரண்டிலொரு பங்கு கருணை! பரீட்சைத் தாள் திருத்தும்போது இக்கருணையை நான் எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன்.

கண்காட்சியில் அவனுடைய ஆக்கத்தை அறிமுகஞ் செய்து ஐந்து நிமிடம் பேசும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. உரையைக் கவனமாக எழுதினேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த உயரம் பாயும் வீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்திலிருந்து தொடங்கினேன். 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றி, 1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதற் பொன்பதக்கம் பெற்றுத் தந்தவர் அவர், 2024இல் மறைந்தார். அவர் உடலும் அதே பரவளைவுக்குட்பட்டதே. நிலத்தைவிட்டுக் கால் நீங்கிய கணத்தில் உடலின் ஈர்ப்பு மையம் செல்லவேண்டிய பாதை முடிவாகிவிடுகின்றது. பின்பு கையை வீசினாலும் காலை மடக்கினாலும் அதை மாற்ற இயலாது. அம்மையத்தைச் சுற்றி உடலை வளைத்து அமைத்துக்கொள்ளவே முடியும். 1968இல் மெக்சிக்கோவில் பொஸ்பரி என்பவர் முதுகுப்புறமாகப் பாய்ந்து 2.24 மீற்றர் கடந்து வென்றது அவ்வமைப்பின் திறத்தாலேயே. இவ்வளவும் எழுதி, முடிவாக, "ஓடியாட இயலாத இம்மாணவர், தம் கால்கள் செய்ய முடியாததைத் தம் அறிவினாற் செய்து காட்டியுள்ளார்" என்று ஒரு வரி சேர்த்தேன். நல்ல வரி என்று எனக்குத் தோன்றிற்று. சபையோர் கண் கலங்குவர் என்றும் எதிர்பார்த்தேன்.

முதல்நாள் மாலை அவனிடம் உரையைக் காட்டினேன். படித்தான். சிறிதுநேரம் பேசாதிருந்து, பின் மிகப் பணிவாக, "சேர், இந்தக் கடைசி வரியை எடுத்துவிடலாமா?" என்றான். ஏனென்று கேட்டேன்.

"நான் குதிக்க ஏலாதெண்டதாலை இதைச் செய்யேல்லை, சேர். கணக்குச் சரிவந்தால் ஒரு பொம்மை உயிரோடை எழும்புது. அது எனக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

எனக்கு முகங் கொடுக்க இயலவில்லை. ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்தில், பிள்ளையின் குறையைப் பாராது நிறையைப் பார்க்கவேண்டும் என்று படித்தேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றேன். ஆனால் மூன்று மாதம் அவனருகே அமர்ந்து, அவன் கணக்கையும் பொறுமையையும் நேரிற் கண்ட பின்பும், அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது என் பேனா அவன் காலையே நாடிற்று. அவன் செய்தது நன்று என்பதற்கு அதுவே போதிய காரணமாயிருக்க, நான் இரக்கத்தை இரவல் வாங்கினேன். காலை எடுத்த பின் பாதை மாறாது என்று அதே தாளில் எழுதியிருந்தேன்; வாயைவிட்டுச் சொல் நீங்கிய பின்பும் அப்படியே. நல்லவேளையாக என் சொல் இன்னும் நிலத்தை விட்டெழவில்லை. அவன்முன்னேயே அவ்வரியை வெட்டினேன்.

கண்காட்சி நாளன்று உரை நான்கு நிமிடத்தில் முடிந்தது. எவரும் கண் கலங்கவில்லை. எல்லாரும் விளையாடவே விரைந்தனர். கொட்டாஞ்சேனையிலிருந்து அவன் பெற்றோர் வந்திருந்தனர். தாயார் பொத்தானை அழுத்தியதும் அனுமான் ஒடுங்கி எழுந்து, மரங்கள் பின்தொடர, கடலைத் தாவி அக்கரையில் இறங்கி முழங்கால் மடித்து நிமிர்ந்தான். அவ்வம்மையார், "பிறகும் ஒருக்கா" என்றார். அதனினும் சிறந்த பாராட்டுரை அம்மண்டபத்தில் அன்று எவராலும் நிகழ்த்தப்படவில்லை.

ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் திரையை உற்றுப்பார்த்துவிட்டு, "அனுமான் எங்கடை தமிழ் சேர் மாதிரி இறங்குறார்" என்றான். அவன் கண் பொய் சொல்லவில்லை. எழும்புவதற்குக் கரப்பந்தாட்ட மாணவனின் படங்களையும், இறங்குவதற்கு என் படங்களையுமே அவன் பார்த்து வரைந்திருந்தான். கனமுள்ள உடல் இறங்கும்போதுதான் முழங்கால் நன்றாக மடிகின்றதாம்.

இக்கட்டுரையை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்கோ சேர், என்ரை பேர் வேண்டாம். குதிச்சது ஆரெண்டு மட்டும் மறக்காமல் எழுதுங்கோ" என்றான். எழுதிவிட்டேன். அடுத்த தவணையில் கடல்தாவு படலத்தைக் கற்பிக்கும்போது மாணவரை மைதானத்துக்கு அழைத்துச் சென்று ஒருமுறை குதிக்கச் செய்த பின்பே நூலைத் திறப்பதென முடிவு செய்திருக்கின்றேன். பழைய மாணவர்களுள் உடல்வலி இல்லாதோர் எவரேனும் வந்து சேர்ந்துகொள்வாராயின் வரவேற்கப்படுவர். நம் கல்லூரி நீடு வாழ்க!